நாற்பது நாள் கொடி

என் தம்பி ஒரு மின்சாமான் கடையில் இருபத்திரண்டு வருடம் விற்பனை வேலை பார்த்தான். குளிர்பெட்டி, வாஷிங் மெஷின், மிக்சி, மின்விசிறி, துணி தேய்க்கும் பெட்டி என்று ஒரு வீட்டுச் சுவரில் எத்தனை பிளக் துளை உண்டோ அத்தனைக்கும் ஒரு சாமான் விற்கிற பெரிய கடை அது. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வைத்த காலை வெறுங்கையோடு வெளியே வைக்க என் தம்பி யாரையும் விட்டதில்லை.

கடவுள் அவனுக்குப் படிப்பைக் கொஞ்சமாகக் கொடுத்தார். குறைந்ததை எல்லாம் வாயில் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஒரு தடவை தபால்காரர் கடைக்குக் கடிதம் கொண்டுவந்து கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அவருக்கு ஒரு குளிர்பெட்டியை விற்றுவிட்டான். வழி கேட்க உள்ளே வந்த ஒரு புருஷன் பெண்சாதி ரொட்டி வாட்டும் பெட்டியோடு வெளியே போனார்கள். வழி கேட்க மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்தவர்கள், தண்ணீர் சுடவைக்கும் ஜாடியும் வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாரிடமும் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நாளைக்கு இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது." பின்னால் கிடங்கில் அதே சாமான் இருநூறு கிடக்கும்.

ஆனால் அவன் பொய்யன் இல்லை. அதுதான் அவனுடைய கஷ்டம். தான் சொல்வதைத் தானே முழுசாக நம்பிவிடுவான். காலையில் ஒரு பழச்சாறு மெஷினைப் பற்றி நாலு பேருக்குச் சொன்னால், சாயங்காலம் ஐந்தாவது ஆளாக அவனே ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். அவன் வீட்டு ஹாலில் பெட்டிகள் தோள் உயரத்துக்கு நின்றன. விருந்தாளிகளாகப் போகிற நாங்கள் மின் அடுப்புப் பெட்டியின் மேல் உட்காருவோம். அவன் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவள், நிதானமானவள். பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் இருந்து அவளுடைய குரல் மட்டும் வரும்.

ஒரு நாள் அலமாரி மேலிருந்து ஒரு பெட்டி சரிந்து அவள் காலில் விழுந்தது. இரண்டு விரல் முறிந்தது. நான் பார்க்கப் போனபோது கட்டுக் காலை ஒரு மிக்சிப் பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி விழுந்தது கூடப் பரவாயில்லை அண்ணி. காலை நீட்டி வைங்கன்னு டாக்டர் சொன்னாரு. எந்த வீட்டுல நீட்டுறதுன்னு கேக்க மறந்துட்டேன்" என்றாள்.

தம்பி மூலையில் நின்று, "அதுக்குன்னே ஒரு சாய்வு நாற்காலி வந்திருக்கு, பட்டனை அழுத்தினா காலை அதுவே தூக்கும்" என்று ஆரம்பித்தான்.

அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அண்ணி, இவரை எங்கேயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற ஒரு குழுவுக்கு நான் இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். 'போதும் குழு' என்று பெயர். இருபது வீட்டுக்காரர்கள். இருபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஏணி, ஒரே துளைபோடும் மெஷின். கிழிந்ததைத் தைப்போம், உடைந்ததை ஒட்டுவோம், காய்கறித் தோலை உரமாக்குவோம், ஒருவருக்கு வேண்டாததை இன்னொருவருக்குக் கொடுப்போம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மாதான் அதை நடத்தினார். கடவுள் படைத்ததை வீணாக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அதில் பெரிய தத்துவம் எதுவும் தெரியாது. போனால் மனசு லேசாக இருக்கும், அதனால் போனேன்.

அந்த அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு துணி உலர்த்தும் கொடி கட்டியிருக்கும். அதில் துணி காயாது. ஆசை காயும். புதிதாக ஒரு பொருள் வாங்க வேண்டும் என்று தோன்றினால், உடனே வாங்காமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். என்ன பொருள், என்ன தேதி, எதற்கு, யார், போன் நம்பர். யாரிடமாவது அந்தப் பொருள் சும்மா கிடந்தால் கூப்பிட்டுக் கொடுப்பதற்காக நம்பர். நாற்பது நாள் தொங்க வேண்டும். நாற்பதாவது நாளும் அந்த ஆசை உயிரோடு இருந்தால், போய் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்.

தம்பி முதல் நாளே உட்கார்ந்து பதினொரு சீட்டு எழுதினான். நர்ஸம்மா கிளிப் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"தம்பி, மத்தவங்களுக்கும் ரெண்டு கிளிப் மிச்சம் வைங்க."

"நாப்பது நாள் ரொம்ப ஜாஸ்திம்மா. அதுக்குள்ள சரக்கு தீர்ந்துடும். இன்னைக்கே எடுத்தா..."

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து குழுவில் அவனுக்குப் பெயர் 'இன்னைக்கே'. ஊசி கேட்பதென்றாலும், "இன்னைக்கே, அந்த ஊசியைக் கொஞ்சம் குடுங்க" என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பது போல ஒவ்வொரு ஞாயிறும் அவன் தன் சீட்டுகளைப் போய்ப் பார்த்தான். முதல் வாரம் ஏக்கமாகப் பார்த்தான். மூன்றாவது வாரம் அடையாளம் தெரியாதவரைப் பார்ப்பது போலப் பார்த்தான். நாற்பது நாள் முடிந்ததும் ஒரு சீட்டைக் கழற்றி வாய்விட்டுப் படித்தான். "முட்டை அவிக்கும் மெஷின். எதற்கு: முட்டை அவிக்க." என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு அக்கா இதை எழுதினது? கையெழுத்து நம்ம வீட்டுக் கையெழுத்து மாதிரி இருக்கு."

பதினொன்றில் ஒன்று கூட உயிரோடு இல்லை. எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அடுத்த நான்கு மாதத்தில் ஹாலில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தேவைப்பட்டவர்கள் வீட்டுக்குப் போயின. கட்டுப் பிரித்த பிறகு அவன் மனைவி என்னிடம் வந்து, "நேத்து தரையில படுத்துக் காலை நீட்டினேன் அண்ணி. சுவர் வரைக்கும் எதுவும் தட்டுப்படலை" என்றாள். ஒரு பிள்ளை பாஸான செய்தியைச் சொல்வது போல் இருந்தது.

வந்த வினை இதற்குப் பிறகுதான். தம்பி எதைச் சொல்கிறானோ அதை நம்புகிறவன் என்றேன் அல்லவா. இப்போது 'போதும்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். அதையும் முழுசாக நம்பினான். அந்த நம்பிக்கையோடே தினமும் காலையில் கடைக்குப் போனான்.

ஒரு அம்மா வாஷிங் மெஷின் ஓடவில்லை, புதிது வேண்டும் என்று வந்தார். "கீழே ஒரு வடிகட்டி இருக்கும், அதைக் கழட்டிப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டு அனுப்பினான். வடிகட்டியில் ஒரு குழந்தையின் காலுறை இருந்ததாம். மறுநாள் அந்த அம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்னொருவர் பெரிய குளிர்பெட்டி கேட்டார். "இப்ப இருக்கிறதுல என்ன வைக்கிறீங்க?" என்றான். தண்ணீர் பாட்டில் என்றார். "பெரிசு வாங்கினாலும் அதே தண்ணிதானே சார்" என்றான். அவர் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் கண்ணாடி அறைக்குள் இருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. தம்பி மனைவிக்குக் கால் முறிந்தபோது கேட்காமலே நான்கு நாள் விடுப்புக் கொடுத்தவர். எப்போதும் இரண்டு கையிலும் இரண்டு போன் வைத்திருப்பார், அவ்வளவுதான். ஒரு நாள் அவனை உள்ளே கூப்பிட்டார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் முதலாளி."

"வீட்டுல பிரச்சினையா?"

"வீட்டுல இப்பதான் முதலாளி நிம்மதி."

"அப்ப ஏன்யா வர்றவங்களை எல்லாம் திருப்பி அனுப்புற? எதிர்க்கடைக்காரன் உனக்குச் சம்பளம் தர்றானா?" போனைக் கீழே வைக்காமலே சொன்னார். "இந்த மாசம் யாரு கம்மியா விக்கிறாங்களோ அவங்க ஒண்ணாந்தேதியில இருந்து குடோனுக்கு. உன்னை மனசுல வச்சுச் சொல்லலை. ஆனா உன்னைத் தவிர வேற யாரும் எனக்கு ஞாபகத்துக்கு வரலை."

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, வாசலில் காது மந்தமான ஒரு காவலாளி. சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. ஆனால் நாள் முழுக்கப் பேச ஒரு ஆள் கிடையாது. வேறு யாருக்கும் அது தண்டனை இல்லை. என் தம்பிக்கு அது ஜெயில்தான். தூக்கத்தில் கூட யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருக்கிறவன் அவன்.

அந்தப் பயத்தில்தான் உளறிவிட்டான். தான் மாறிப்போனதற்குக் காரணம் சொல்கிறேன் என்று கொடியைப் பற்றி, சீட்டைப் பற்றி, நாற்பது நாளைப் பற்றி எல்லாம் முதலாளியிடம் விளக்கினான். நன்றாகத்தான் விளக்கியிருப்பான். முதலாளி இரண்டு போனையும் மேஜை மேல் வைத்துவிட்டார்.

"சீட்டுல போன் நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"எதுக்கு வேணும்னு கூடவா எழுதியிருக்கு?"

"ஆமா முதலாளி, அப்பதான் யோசிக்க வசதி."

"யோவ், பத்து வருஷமா ஊர் பூரா போர்டு வைக்கிறேன், எனக்கு இப்படி ஒரு தகவல் வந்ததில்லை. யாருக்கு வேணும், எது வேணும், எதுக்கு வேணும். எழுதிக் கொண்டா. நாப்பது நாள் முடியிற அன்னைக்கு ஒரு போன் பண்ணுவோம். எப்படியும் எங்கேயோ வாங்கத்தானே போறாங்க? நம்மகிட்ட வாங்கினா என்ன தப்பு?"

அந்தக் கேள்வி தம்பிக்கு ரொம்ப ஒழுங்காகத் தெரிந்தது.

அந்த ஞாயிறு கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குகிறேன் என்று அவன் மட்டும் பின்தங்கினான். நான் மாடி வராந்தாக் குழாயில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். குழு நோட்டுக்காக இருக்கும் என்று நினைத்தேன். 'என்னடா எழுதுற' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் கடவுள் என் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் அதையும் அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

நாற்பதாவது நாள் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் அவரால் மறுநாள் மதியம் வரைக்கும் கூடப் பொறுக்க முடியவில்லை. சூடு ஆறிவிடும் என்று சொல்லி, அட்டையைக் கடையில் போன் பேசுகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அட்டையில் ஏழு பேர் இருந்தார்கள்.

அதில் ஒருவர் எங்கள் குழுவின் தையல்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே அவருடைய அம்மா இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அந்தத் திங்கட்கிழமை நான் அவர் கடையில்தான் நின்றேன், பழைய திரைச்சீலையைத் தலையணை உறையாக்கக் கொடுத்திருந்தேன். சட்டைக்கு அளவு கொடுக்க இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். போன் அடித்தது. கையில் கத்தரிக்கோல் இருந்ததால், வழக்கம் போல முழங்கையால் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார்.

தேன் மாதிரி ஒரு குரல் வந்தது. "வணக்கம் சார். உங்க அம்மா ராத்திரியில படுக்கையிலேயே போயிடறதால நிறையத் துணி சேருதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம் சார். அதுக்கு ஏத்த வாஷிங் மெஷின் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு."

அளவு கொடுக்க வந்த இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். தையல்காரர் போனை அணைத்தார். கையில் இருந்த துணியை அளந்தார். அதே துணியை மறுபடியும் அளந்தார். அந்த ஆட்கள் போன பிறகு வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது கொடியில மட்டும்தானேம்மா இருந்துச்சு?"

எனக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது.

சாயங்காலம் தம்பி வீட்டு வாசலில் அவன் வரும்வரை நின்றேன். செருப்பைக் கழற்றக் கூட விடவில்லை.

"தையல்காரர் சீட்டை யாருகிட்டடா குடுத்த?"

"நாப்பதாவது நாள்தான் கூப்பிடுவேன்னு சொன்னாருக்கா."

"நாப்பதாவது நாள் கூப்பிட்டிருந்தா சரியா?"

போனில் வந்ததை நான் அப்படியே சொன்னேன். அவன் மனைவி சமையலறையிலிருந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். "என் காலை உடைச்சப்ப கூட நீங்க தப்பு பண்ணலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். அதற்கு மேல் சொல்லியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளியிடம் அட்டையைத் திருப்பிக் கேட்டான், இனி ஒரு பெயர் கூடத் தரமாட்டேன் என்றான். முதலாளி உடனே கொடுத்துவிட்டார். ஏழு பேரில் ஒருவர் கூட வரவில்லை. அவருக்கு அது செல்லாத அட்டை.

அடுத்த ஞாயிறு மாடி அறைக்குப் போனால், அவரவர் சீட்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், கொடி வெறுமையாக இருந்தது. கிளிப்புகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தம்பி எழுந்து நின்றான். அவன் வாழ்க்கையிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன். குடோனுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து குடுத்தேன். அவ்வளவுதான்."

பின்வரிசையில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் போன் வந்துச்சு. காத்துக் குளிரூட்டும் பெட்டி வேணும்னு ஒரு மாசமா ஏங்கிட்டிருந்தேன். 'வாங்க சார்'னு அந்தப் பொண்ணு கூப்பிட்ட நிமிஷமே அந்த ஆசை செத்துப்போச்சு. அந்த வகையில 'இன்னைக்கே'க்கு ஒரு நன்றி."

சிலர் சிரித்துவிட்டார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆறு பேருக்கு இது சிரிப்பு. ஒருத்தருக்குச் சிரிப்பு இல்லை. நீங்க இனிமே இங்க வரலாமா வேண்டாமான்னு அவர்தான் சொல்லணும் தம்பி. வேண்டாம்னா வேண்டாம்தான்."

திங்கட்கிழமை காலையில் தம்பி தையல் கடைக்குப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தையல்காரர் எங்களைப் பார்த்தார். தையலை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையை முழுசாகத் தைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அண்ணே, நான் செஞ்சது பெரிய தப்பு. ஒரு மெஷின் நானே வாங்கித் தர்றேன். நல்ல மெஷின். அதுல துணியை..."

"இன்னும் விக்கிறதை விடலையா தம்பி?"

"விக்கலை அண்ணே. சும்மா தர்றேன்."

தையல்காரர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் துணிப்பந்தில் குத்தி வைத்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எனக்கு மெஷின் வாங்க வழியில்லாம இல்லை. இன்னைக்கு முப்பத்தொண்ணாவது நாள். நான் என்ன யோசிச்சேன்னு தெரியுமா? அவங்களுக்குன்னு ஒரு மெஷின் வந்து வீட்டுல நின்னா, அதைப் பாக்கிறப்ப எல்லாம் அம்மாவுக்கு வெட்கமா இருக்குமே, எப்படிக் கேக்கிறதுன்னு யோசிச்சேன். கேக்க வாய் வரலை. அதுக்குத்தான் நாப்பது நாள் எடுத்துக்கிட்டேன். நான் யோசிச்சுட்டிருக்கிற இடத்துல வந்து நீங்க கடை போட்டுட்டீங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நான் என்ன செய்யட்டும் அண்ணே?"

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் எனக்கு யாரும் விக்கவும் வேண்டாம், சும்மா தரவும் வேண்டாம்." கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். "துணியைத் துவைச்சுக் குடுங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அடுத்த துணியை வெட்ட ஆரம்பித்துவிட்டார். வேடிக்கை இல்லை.

அப்படித்தான் மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு, கடைக்குப் போகும் முன், ஊரில் பாதிப் பேருக்கு வாஷிங் மெஷின் விற்ற மனிதன் தையல்காரர் வீட்டுக் கொல்லையில் குழாயடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். கொல்லையைப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே அந்த அம்மாவின் கட்டில். முதல் நாள் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். தம்பிக்குச் சோப்பு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. நுரை வாசல்படி ஏறி வந்தது. அதைவிட அந்த மௌனம்தான் அவனுக்குத் தாங்கவில்லை. வேறு வழி தெரியாமல், கடையில் மெஷினை ஓட்டிக் காட்டுவது போலத் தன்னையே விளக்க ஆரம்பித்தான்.

"இது ஊற வைக்கிற கட்டம்மா. பத்து நிமிஷம் எந்தச் சத்தமும் வராது. இப்ப அலசுற கட்டம். தண்ணி கொஞ்சம் வெளியில தெறிக்கும், பயப்படாதீங்க. இது கடைசி, பிழியிற கட்டம். மெஷின் பழசு, இடுப்புப் பக்கம் முனகும்."

இரண்டாம் நாள் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"தம்பி, சோப்பைத் துணிக்குப் போடுறியா, தரைக்கு ஊட்டுறியா?"

"நீங்க சொல்லிக் குடுங்கம்மா. நான் இருபத்திரண்டு வருஷமா பட்டனை மட்டும்தான் அழுத்தியிருக்கேன்."

"முழங்கையை மடக்காதே. அப்படித்தான். நல்லா உதறு. என் மேல தெளிக்காதே."

அந்த அம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவர். ஊரின் பாதிக் குரல்கள் அவர் காது வழியாகப் போனவை. பேச்சு என்றால் அவருக்கும் உயிர். ஆனால் இரண்டு வருடமாக வீட்டில் பேச இருந்தது மகன் ஒருவர்தான், அவர் வாயில் ஊசி. "என்ன கேட்டாலும் 'ம்'தான் தம்பி. சந்தோஷத்துக்கும் அதே 'ம்', சளிக்கும் அதே 'ம்'" என்றாராம். ஐந்தாவது நாள் தம்பி கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டான். தபால்காரருக்குக் குளிர்பெட்டி விற்ற கதை இரண்டு காலைகள் ஓடியது. லிஃப்ட் மெக்கானிக் ஒரு தடவை லிஃப்டிலேயே மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்து நேரமாகிவிட்டதென்று பாதியில் விட்டுவிட்டு ஓடினான்.

இதற்கு நடுவில் மாதம் முடிந்தது. யார் கம்மியாக விற்றார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒன்றாம் தேதி அவன் கிடங்குக்குப் போனான். போகும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு அவனுக்காகக் கொஞ்சம் அதிக நேரம் பிரார்த்தனை செய்தேன். அவன் மனைவி மட்டும் சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு, "அங்க மிச்சமாகிற பேச்சை வீட்டுக்குக் கொண்டுவாங்க. எனக்கு இப்ப உக்காந்து கேக்க இடம் இருக்கு" என்றாள்.

முப்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் தையல்காரர் வாயில் இருந்த ஊசிகளை எடுத்துவிட்டு அம்மாவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இதை அவரே எனக்குச் சொன்னார். மெஷின் வாங்கலாமா என்று கேட்டாராம். அந்த அம்மா சொன்ன பதில் இது:

"எட்டு நாளா யாரோ ஒரு ஆம்பிளை என் துணியைத் துவைச்சுக்கிட்டே எனக்குக் கதை சொல்றான். இதுக்கு மேல என்னடா வெட்கம் பாக்கி இருக்கு? வாங்கு. அவன் துவைக்கிற லட்சணத்துக்கு விரிப்பெல்லாம் நூலாப் போயிடும்."

மறுநாள் காலை தம்பி வழக்கம் போலத் துவைத்துவிட்டுப் போனான். அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்குத் தையல்காரர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி வேலை பார்த்த கடைக்குப் போனார். வேறு ஒரு விற்பனையாளர் பெரிய மெஷினாகப் பார்த்து விற்க முயன்றார். தையல்காரர் 'ம்' என்று மட்டும் சொல்லிச் சின்னதையே வாங்கினார். கிடங்குக்கு உத்தரவு போனது. உத்தரவில் இருந்த முகவரியைப் பார்த்த தம்பி, நாலு பெட்டியைப் பிரித்துப் பார்த்து நசுங்கல் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேனில் தானும் ஏறி வந்தான்.

நான் தலையணை உறை வாங்க அங்கே போயிருந்தேன். கொல்லையில் ஜன்னலுக்கு அடியில் மெஷினை வைத்து, குழாயை மாட்டி, சாயாமல் நிற்கிறதா என்று நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தான். வேலை முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் இறங்கியது, விரிப்பு சுற்ற ஆரம்பித்தது. தையல்காரர் அவன் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நாற்காலி அடுக்க ஆள் இல்லைன்னு நர்ஸம்மா சொன்னாங்க" என்றார்.

"வர்றேன் அண்ணே" என்றான் தம்பி.

தையல்காரர் ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார். தம்பி திருப்புளியைப் பையில் போட்டான். ஜன்னலுக்குள் இருந்து அந்த அம்மா கேட்டார்.

"அப்ப நாளைக்குக் காலையில நீ வரமாட்டியா?"

"அதான் மெஷின் வந்துடுச்சேம்மா."

"அது துவைக்கும். அந்த லிஃப்ட்காரன் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறானே, அவனை யார் இறக்கி விடுறது?"

தெருவில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் உறைகளை மடிக்கிற வேலையாகக் குனிந்துகொண்டேன். அவன் துணி ஊற வைக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். டிரைவர் இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.